மடிப்புக்காரரின் நெற்றி

காலரைத் தேய்க்கும்போது மட்டும் அவர் பேசமாட்டார். சட்டையின் கை, முதுகு, பொத்தான் பட்டை எல்லாம் வாய் ஓட ஓடவே முடிந்துவிடும். காலருக்கு வந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். இஸ்திரிப் பெட்டியின் மூக்கை ஒரு முனையில் வைத்து நடுவரைக்கும் தள்ளுவார். எதிர் முனையிலிருந்து நடுவரைக்கும் தள்ளுவார். நீராவி புஸ்ஸென்று கிளம்பி முகத்தில் அறையும். சட்டையை உதறித் தொங்கவிட்ட பிறகு, விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். "அதான் கேக்கறேன், எதிர்த்த டீக்கடைக்காரருக்கு எதுக்கு ரெண்டு ஃபேன்?"

சலவைக் கடையின் பின்கட்டு அது. ஜன்னல் உண்டு, அதற்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். ஒரு பக்கம் கொதிகலன், ஒரு பக்கம் எண் சீட்டு குத்திய சட்டைகள் தொங்கும் கம்பி, நடுவில் அவருடைய மேஜை. தலையில் ஒரு துணியை நெற்றியோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கு அங்கே போய் நின்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். பதினேழு வருடமாக இதே மேஜை. அவர் தேய்த்த பேன்ட்டின் மடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் என்பார்கள். சொந்தப் பெயர் எப்போதோ மறைந்து, மடிப்புக்காரர் என்பதே நிலைத்துவிட்டது.

அவருக்குப் பொறாமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் விசாரிப்பார், அவ்வளவுதான். துணிக்கு எண் போடும் அக்கா புதுச் செருப்போடு வந்தால் எங்கே வாங்கினாள், நடந்தால் கடிக்கிறதா, அதே மாதிரி ஆண்களுக்கும் வருமா என்று கேட்பார். கடைசியில், "சும்மாதான் கேட்டேன்" என்பார். கால் முறிந்து ஆறு வாரம் கட்டோடு வீட்டில் கிடந்த வேன் ஓட்டுநரிடம்கூட, "ஆறு வாரமும் படுத்தேவா இருந்தீங்க?" என்று பெருமூச்சோடு கேட்டிருக்கிறார். அடுத்தவர் தூக்கம், அடுத்தவர் பசி, அடுத்தவர் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் வேகம் எல்லாமே அவர் கண்ணுக்கு ஒரு படி கூடுதலாகத்தான் தெரியும்.

இந்த விசாரணைகள் எல்லாம் சில்லறை. அவருடைய மொத்தப் பொறாமையும் ஒரே ஒரு மனிதருக்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அது அவருடைய சகலை, மனைவியின் தங்கை கணவர்.

சகலைக்கு மெத்தைக் கடையில் விற்பனை வேலை. குளிரூட்டிய பெரிய ஹால். கோட்டு போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கு முன்னால் மெத்தையில் உட்கார்ந்தும் படுத்தும் காட்ட வேண்டும். "படுத்துக்கிட்டே சம்பாதிக்கறான்" என்று மடிப்புக்காரர் வீட்டில் சொல்லாத நாளில்லை. அந்த வேலையைக்கூட மன்னித்துவிட்டிருப்பார். மன்னிக்க முடியாதது அந்த முகம். முப்பத்தைந்து வயதில் ஒரு மரு இல்லை, ஒரு தழும்பு இல்லை. குடும்பத்தில் எந்தப் புகைப்படம் எடுத்தாலும் வெளிச்சம் முழுவதும் அந்த ஒரு முகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் நிற்கிற இவர் அவருடைய நிழலில் நிற்பதுபோலவே இருப்பார்.

இந்த நிலைமையில்தான் வெயில் தொடங்கிய மாதத்தில் மடிப்புக்காரரின் நெற்றியில் அது வந்தது.

முதலில் புருவத்துக்கு மேலே நாலைந்து. ஒரு வாரத்தில் முடி தொடங்கும் இடம் வரை. பெரிய பரு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே அளவில், பொடிப்பொடியாக, வரிசை வரிசையாக. கையால் தடவினால் உப்புத்தாளைத் தடவுவது போலிருந்தது. வியர்த்தால் அரிக்கும்; அவருக்கோ காலை எட்டு மணியிலிருந்து வியர்க்கும். இஸ்திரிப் பெட்டியை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது மணிக்கட்டால் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து, சாயங்காலத்துக்குள் நெற்றி சிவந்துவிடும்.

"நாப்பத்தோரு வயசுல பரு வருமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்களுக்கு எல்லாமே லேட்டாத்தானே வரும்" என்றாள் அவள்.

பற்பசை பூசினார், எரிந்தது. மருந்துக் கடையில் பருவுக்கென்று கேட்டு ஒரு களிம்பு வாங்கினார். தோல் உரிந்ததே தவிர பொடிகள் அசையவில்லை. சொரசொரப்பான துணியால் தேய்த்துக் கழுவினார். சூடு என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் படுக்கப் போகும்முன் நெற்றி நிறையத் தேங்காய் எண்ணெய் தடவினார். அதற்குப் பிறகு அவை காதோரம் வரை இறங்கிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தியாள் வீட்டில் சாப்பாடு. எதிரே உட்கார்ந்த சகலையின் நெற்றியில் ஜன்னல் தெரிந்தது. மனைவி, ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை, தங்கையிடம் சொன்னாள்: "உன் வீட்டுக்காரர் மூஞ்சிக்கு என்னடி போடறார்? கண்ணாடியாட்டம் இருக்கே."

மடிப்புக்காரர் தட்டை நகர்த்தினார். கையைக் கழுவுகிறேன் என்று எழுந்து போனவர், குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.

அலமாரியில் சோப்பு, சவரக் கத்தி, அதற்குப் பின்னால் தங்க நிற மூடி போட்ட ஒரு க்ரீம் ஜாடி. திறந்து முகர்ந்தார். வெண்ணெய் மாதிரி கனமான க்ரீம். ஒரு விரல் எடுத்து நெற்றியில் தடவினார். எடுத்ததுதான் எடுத்தோம் என்று இன்னொரு விரல். எடுத்த பள்ளம் தெரியாமல் சுண்டுவிரலால் மேற்பரப்பைச் சமப்படுத்தி மூடினார்.

"மாமா, உள்ள தண்ணி வரலையா?" கொழுந்தியாள் கதவைத் தட்டினாள்.

"வருதும்மா. நல்லாவே வருது."

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறு, உதிர்ந்த பொத்தான்களைப் போட்டு வைக்கும் சின்ன டப்பாவைக் கழுவிச் சட்டைப் பையில் எடுத்துப் போய் ஒரு வாரத்துக்கு வேண்டியதை அள்ளிக்கொண்டே வந்துவிட்டார். "மாமாவுக்கு வயிறு சரியில்லையாக்கா? வந்தாலே அரைமணி நேரம் உள்ளயே இருக்காரே" என்று தங்கை அக்காவிடம் கவலைப்பட்டாள். கவலைக்குரிய இடம் வேறு. அந்த க்ரீமைத் தின்று நெற்றிப் பொடிகள் கொழுத்தன. முன்பு எண்ணெய்க்குக் காதோரம் வந்து நின்றவை, இப்போது கன்னத்து ஓரங்களிலும் இறங்கின. அவருக்கு இரட்டை வேதனை. அரிப்பு ஒன்று, அதே க்ரீம் அவனுக்கு மட்டும் எப்படி வேலை செய்கிறது என்பது இன்னொன்று.

அவரைக் கரையேற்றியவர் ஒரு நர்ஸம்மா. தோல் டாக்டரிடம் வேலை செய்பவர். வியாழக்கிழமை தோறும் கிளினிக்கின் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்க்கக் கொண்டுவருவார். அன்று எண் போடும் அக்கா வராததால் மடிப்புக்காரரே முன்பக்கம் வந்து கோட்டுகளை வாங்கினார். தலைக்கட்டை அவிழ்த்திருந்தார்.

நர்ஸம்மா கோட்டுகளை எண்ணிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு அவர் நெற்றியைப் பார்த்தார். "அரிக்குதா?"

"வேர்த்தா அரிக்கும்."

"எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கு பாருங்க. பரு மருந்து போட்டீங்களா?"

"போட்டேன். எண்ணெய் போட்டேன். க்ரீம் போட்டேன்." யாருடைய க்ரீம் என்று சொல்லவில்லை.

"பாத்தா இது பரு மாதிரி தெரியலைங்க. பூஞ்சைக் காளானாத்தான் இருக்கும். எண்ணெய் வச்சா அதுக்குச் சாப்பாடு போட்ட மாதிரி."

காளான் என்றதும் அவர் முகம் தொங்கிவிட்டது. தினமும் குளிக்கிற மனிதன், ஊருக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று தேய்த்துக் கொடுக்கிறவன், அவன் நெற்றியில் காளானா?

"அழுக்குனால வர்றது இல்லைங்க" என்றார் நர்ஸம்மா. "எல்லார் தோல்லயும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வேர்வையும் சூடும் சேர்ந்தா சிலருக்கு அதிகமாயிடும்."

"எல்லார் தோல்லயுமா?"

"எல்லார் தோல்லயும்."

"நல்லா வழவழன்னு இருக்கறவங்க தோல்லயும்?"

"அங்கயும்தான்."

அவர் ஒரு கோட்டின் காலரை நீவிவிட்டார். "இப்ப என் சகலைன்னு வச்சுக்குங்க. அவருக்கும் இருக்குமா?"

"இருக்கும்" என்றார் நர்ஸம்மா, எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல்.

இரண்டு மாதத்தில் முதல்முறையாக மடிப்புக்காரர் சிரித்தார்.

நர்ஸம்மா ஒரு சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். பொடுகுக்கு விற்கிற மருந்து ஷாம்பு, கீட்டோகோனசோல் என்று பாட்டிலில் போட்டிருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். ஈர நெற்றியில் நுரைக்கத் தடவி, கண்ணில் படாமல், ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். எண்ணெய், கனமான க்ரீம் எதுவும் கூடாது. தேய்த்துச் சொறியக் கூடாது. தலைக்கட்டுத் துணியை நனைந்ததும் மாற்ற வேண்டும். தலையணை உறையையும் அடிக்கடி மாற்ற வேண்டும். "நாலு வாரம் பாருங்க. குறையலைன்னா இல்ல பரவுச்சுன்னா டாக்டரைப் பாத்துடுங்க. நீங்களா வேற எதையும் தடவாதீங்க."

இஸ்திரிக்காரருக்கு நேரக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் நெற்றியில் நுரையோடு குளியலறை வாசலில் நிற்பார். ஐந்து நிமிடம் என்பது சும்மா நிற்கிறவனுக்கு எவ்வளவு நீளம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "நுரையும் மூஞ்சியுமா நின்னுக்கிட்டு என்ன யோசனை?" என்று மனைவி தாண்டிப் போவாள். அவர் பதில் சொல்லமாட்டார்; பேசினால் வாய்க்குள் இறங்கும். கடைக்குத் தினமும் நாலு தலைக்கட்டுத் துணிகள் எடுத்துப்போனார். நாலும் தேய்த்து, நாலாக மடித்தவை.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில், மதியச் சாப்பாட்டின் நடுவே, இன்று காலையிலிருந்து நெற்றியில் கையே வைக்கவில்லை என்று திடீரென்று உறைத்தது. நாலாம் வாரம் பொடிகள் அமுங்கின. ஆறாம் வாரம் உள்ளங்கை நெற்றியில் வழுக்கிக்கொண்டு போனது.

அங்கேதான் புதுத் துன்பம் தொடங்கியது. யாரும் கவனிக்கவில்லை. தலைக்கட்டு இல்லாமல் முன்பக்கம் நாலுமுறை நடந்து பார்த்தார். எண் போடும் அக்கா நிமிர்ந்து, "முடி வெட்டினீங்களா?" என்றாள். சரி, பார்க்க வேண்டியவன் பார்த்தால் போதும் என்று, ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு முன்னால் அவரே கிளம்பி நின்றார்.

சாப்பாடு முடிகிற வரை சகலை ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தவர், "அண்ணா, கொஞ்சம் வெளிய வாங்க" என்று பால்கனிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்க நெத்தி எப்படிச் சரியாச்சு?"

மடிப்புக்காரருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. "என்ன சரியாச்சு?" என்றார் தெரியாதவர் போல.

"மூணு மாசமா உங்க நெத்தியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். முதல்ல அது வந்தப்ப, எனக்கு மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதலா இருந்துச்சு. கோவிச்சுக்காதீங்க. இப்ப உங்களுக்குப் போயிடுச்சு, எனக்குப் போகலை."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று சட்டையைத் தோள்வரை தூக்கினார். முதுகு முழுக்க அதே உப்புத்தாள். தோள்பட்டையிலிருந்து இடுப்புப் பக்கம் வரை, பொடிப்பொடியாக, சிவப்பாக.

"ஒரு வருஷமா இருக்கு. கடைல கோட்டைக் கழட்ட விடமாட்டாங்க. வெயில்ல வந்து அதோட படுத்துப் படுத்துக் காட்டறேன், உள்ள ஈரமாவே இருக்கும். மூஞ்சிக்குப் போடற க்ரீமைத்தான் தடவிப் பாக்கறேன், இன்னும் அதிகமாகுது. அந்த ஜாடி வேற சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துடுது."

மடிப்புக்காரர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைப்பதற்கில்லை. அந்தக் கண்ணாடி முகத்துக்குப் பின்னால் இப்படி ஒரு முதுகு இருந்திருக்கிறது. இதோ இவன், என்னிடம் வந்து கேட்கிறான். இந்த நிமிடம் இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது. சொல்லிவிட்டால் அடுத்த மாதம் இவன் முதுகும் முகமாகிவிடும். அப்புறம் எனக்கென்று என்ன இருக்கிறது?

"தண்ணிதான்" என்றார்.

"தண்ணியா?"

"நல்லாத் தண்ணி குடிச்சேன். வேற ஒண்ணும் இல்லை."

இரண்டு வாரம் ஓடியது. ஒரு காலை கொழுந்தியாளிடமிருந்து போன். மனைவி பேசிக்கொண்டே வந்து அவருக்கு எதிரில் நின்றாள். போனை வைத்த பிறகும் நின்றாள்.

"நீங்க எப்ப தண்ணி குடிச்சீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் குடிக்கறாராம், நீங்க சொன்னீங்கன்னு. வாடிக்கைக்காரரை மெத்தையில படுக்க வச்சுட்டு பாத்ரூமுக்கு ஓடறாராம். முதலாளி கூப்பிட்டுக் கேட்டுட்டாராம்."

மடிப்புக்காரருக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"என் தங்கச்சி அழறா. ஒரு வருஷமா மனுஷன் சட்டையோடதான் படுக்கறாராம். கடற்கரைக்குப் போலாம்னு ரூம் எல்லாம் போட்டுட்டு கடைசி நாள் வேணாம்னுட்டாராம். கிட்ட வந்தா விலகிப் போறாராம். தன்னைத்தான் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்திருக்கா அவ. நேத்துதான் முதுகைக் காட்டியிருக்கார்." அவர் கையைப் பொத்தானிலிருந்து தட்டிவிட்டாள். "உங்க வயிறு எரியறதுக்கு அவ ஏங்க கருகணும்?"

அன்று கடையில் அவர் காலருக்கு மட்டுமில்லை, கைக்கும் முதுகுக்கும்கூடப் பேசவில்லை. எண் போடும் அக்கா இரண்டு முறை வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை தனியாகப் போய்க் கொழுந்தியாள் வீட்டு மணியை அடித்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே பிரிக்காத ஷாம்பு பாட்டில் ஒன்று, நர்ஸம்மாவின் சீட்டைப் பார்த்து அவரே கொட்டை எழுத்தில் எழுதிய தாள் ஒன்று. தடிமனில்லாத பருத்தி பனியன்களும் நாலு வாங்கியிருந்தார், கோட்டுக்குள் போட்டு மதியம் மாற்றிக்கொள்ள.

குளியலறையில் முக்காலியைப் போட்டுச் சகலையை உட்காரவைத்தார். சட்டையைக் கழற்றிய சகலை, "அப்ப தண்ணி?" என்றார்.

"தண்ணி குடிக்கலாம். தப்பில்லை. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை." பாட்டில் மூடியைத் திருகினார். "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கமாட்டேன் அண்ணா. என்கிட்ட நீங்க கேட்டிருந்தா நானும் ஏதாவது ஒரு தண்ணியைத்தான் சொல்லியிருப்பேன்."

இருவரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த தங்க மூடி க்ரீமை முதுகுல தடவறதை இன்னையோட விட்டுடுங்க. ரொம்ப கனம் அது. விரல்ல எடுத்தா அப்பிக்கிது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மடிப்புக்காரர் செம்பில் தண்ணீர் மொண்டு அந்த முதுகில் ஊற்றினார். "குனி" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் சகலையை அவர் நீ என்று சொன்னது அதுதான் முதல்முறை. சகலை குனிந்தார். உள்ளங்கையில் ஷாம்புவை ஊற்றி, தோளிலிருந்து இடுப்பு வரை அழுத்தாமல் நுரைக்கத் தடவினார். முதுகு நடுவில் கை எட்டாத இடத்தில் பொடிகள் அதிகம். அங்கே கொஞ்சம் கூடுதலாக.

"மாமா, ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க?" கொழுந்தியாள் வெளியிலிருந்து கேட்டாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

"அஞ்சு நிமிஷம் இரும்மா."

ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். மடிப்புக்காரர் நுரையைக் கழுவிவிட்டு, துண்டை விரித்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடைத்தார்.

"முடிஞ்சுதா அண்ணா?"

"இரு. அசையாத. எனக்கு இருந்ததைவிட ஜாஸ்தியான்னு பாக்கறேன், சும்மாதான்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் படும்படி சகலையைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு ஆள்காட்டி விரலை இடது தோள்பட்டையில், தோலில் படாமல் நிறுத்தி, உதடு மட்டும் அசைய ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது சகலைக்குத் தும்மல் வந்தது. முதுகு குலுங்கி, விரல் இடம் தவறிவிட்டது. மடிப்புக்காரர் விரலை எடுத்துப் பழையபடி இடது தோள்பட்டைக்கே கொண்டுபோய், ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.